ஸ்கூக்லியின் பதினொரு கையெழுத்துகள்

அரச அலுவலகங்களில் புதிதாகக் கோப்புப் பார்க்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் சந்திப்புக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்களில் ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, கனக்க எழுத வேண்டாம். ஆனா கொஞ்சம் போசிட்டீவா இருக்கட்டும். நாங்கள் எல்லாரும் இப்பதானே வேலையிலை சேந்திருக்கிறம்" என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. மரியாதையான பிள்ளை. நானும் வாய்க்கு வந்தபடி "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களுக்குள் மேடையேறி உற்சாகம் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

சட்டப்பிரிவு, படிவம், கோப்பு எண் இதையெல்லாம் உங்களுக்கு அலுவலகத்திலேயே சொல்லித் தருவார்கள். அதில் நான் தலையிடவில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு கோப்பைப் பற்றி. இருபது வருடத்துக்கு மேலாகக் கதிரையைத் தேய்த்தேன், நூற்றுக்கணக்கில் கோப்புப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இது ஒன்றுதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் நோர்வேக்கு வந்து இறங்கியது ஒஸ்லோவில் அல்ல, வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில். மீன் தொழிற்சாலையில் வேலை. ஒரு அறையில் நான்கு பேர். அந்த நாலு பேரில் மூத்தவர் நடேசண்ணை. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். நான் மாலை வகுப்புக்குப் போய் நோர்வேஜிய மொழி படிப்பதற்காக, நான் சமைக்க வேண்டிய நாட்களிலும் தானே சமைத்தார். ஒருநாள் இருநாள் அல்ல, இரண்டு குளிர்காலம் முழுக்க. "நீ படியடா. நாலு பேரும் மீன் வெட்டினா ஆர் கடிதம் வாசிக்கிறது?" என்பார். நான் படித்தேன், தெற்கே வந்தேன், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் வீடு எடுத்தேன், மாவட்டங்களின் விவகாரம் பார்க்கும் அரச அலுவலகத்தில் சேர்ந்தேன். அந்த மாடியில் கறுத்த தலை என்னுடையது மட்டும்தான்.

என்னைத் தொழிலில் வளர்த்தவர் எங்கள் பிரிவுத் தலைவி. பெயர் வேண்டாம். நேர்மையான மனுசி, நெடுநெடுவென்று உயரம், சிரிப்பு அபூர்வம். சேர்ந்த முதல் கிழமையிலேயே சொன்னார்: "காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் உனக்கு உறவினர் கிடையாது." எனக்கு அந்த வசனம் நன்றாகப் பிடித்துப்போயிற்று. வேறு ஆட்கள் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்திருப்பார்கள். நான் அதைச் சட்டை போலப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஆட்கள் யாராவது ஒரு படிவத்தைப் பற்றிக் கேட்டாலும் முகத்தை இறுக்கிக்கொண்டு "அலுவலகத்துக்கு எழுதுங்கோ" என்பேன். அதுதான் நடுநிலை என்று நினைத்தேன். மடையன்.

அந்தக் கோப்பு வந்தது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில். ஒஸ்லோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஒரு நகரம், அதைச் சுற்றிப் புறநகரும் காடும் வயலும். எல்லாம் ஒரே மாவட்டம். சபையில் நகரத்தாருக்கே எப்போதும் பெரும்பான்மை. மாவட்டத்தின் தெற்கு மூலையில் ஸ்கூக்லி என்று ஒரு இடம். ஒரு பக்கம் பத்துப் பதினைந்து பண்ணை வீடுகள், மறுபக்கம் எழுபதுகளில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்புகள். அந்தக் குடியிருப்புகளில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர். அந்த ஸ்கூக்லிக்காரர் எழுதிக் கேட்டது இதுதான்: நகரத்தோடு இருந்தது போதும், எங்களைப் பிரித்துப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

அதை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிரிந்து போவது என்ற சொல் கேட்டாலே ஊரைவிட்டு ஓடிவந்த சனம் நாங்கள். இங்கே அதைப் பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தில், வாஃபலும் கோப்பியும் வைத்து, பிள்ளைகளை விளையாடவிட்டுக் கதைத்தார்கள். தலைவியும் நானும் அந்தக் கூட்டத்துக்குப் போனோம். பிரிய வேண்டும் என்றவர்களுக்குத் தலைவர் ஊலா என்ற உருளைக்கிழங்கு விவசாயி. எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னார்: "பேருந்தைக் குறைத்தார்கள், பொறுத்தோம். பாடசாலையில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள், பொறுத்தோம். இப்போது முதியோர் இல்லத்தை மூடப்போகிறார்களாம். நகரத்தில் வாக்கு இருக்கிறது, எங்களிடம் பனி மட்டும்தான் இருக்கிறது. அதையும் நாங்களே அள்ளுகிறோம்." கூடம் கைதட்டியது. ஸ்கூக்லி வந்தால் அந்த இல்லத்தை மூடாமல் நடத்துவதாகப் பக்கத்து மாவட்டம் எழுத்தில் கொடுத்திருந்தது. அந்தக் கடிதமும் கோப்பில் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆட்களில் ஒரே ஒருவரைக் கண்டேன். கடைசி வரிசையில், குளிர் அங்கியைக் கழற்றாமல், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தவ தவமணி அக்கா, நடேசண்ணையின் மனைவி. அவர்கள் தெற்கே வந்து ஸ்கூக்லியில் குடியேறியது எனக்குத் தெரியும். அண்ணைக்குப் பாரிசவாதம் வந்ததும் தெரியும். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வலது பக்கம் விழுந்துபோயிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர் இங்கே வந்து படித்த மொழி முழுக்கப் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது, அதுவும் பத்து இருபது சொல். பிறகு ஏதோ இல்லத்தில் சேர்த்தார்கள் என்று கேள்வி. எந்த இல்லம் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். கேட்கவில்லை என்பதற்கு மறதி காரணமல்ல. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் தலைவியிடம் போய் "இந்தக் கோப்பை நான் பார்க்கக்கூடாது" என்று சொல்ல வேண்டிவரும். அது எனக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பு. விட மனமில்லை.

கூட்டம் முடிந்து ஒரு கிழமைக்குள் அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தா. "தம்பி, இவரைப் பற்றித்தான் ஒருக்காக் கதைக்கவேணும்…"

"அக்கா, ஸ்கூக்லி விஷயம் எண்டா நான் கதைக்கேலாது. கோப்பு முடியட்டும், பேந்து வீட்டை வாறன்."

"இல்லைத் தம்பி, ஒரு நிமிசம்…"

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. சட்டம் அப்பிடி."

சட்டம் அப்படி இல்லை. யார் சொல்வதையும் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் என் வேலையே. ஆனால் தொலைபேசியை வைத்துவிட்டு நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் தெரியுமா? உறவினருக்கு இடம் கொடுக்காத உத்தியோகத்தன்! பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லியும் காட்டினேன்.

இனிக் கையெழுத்து விஷயம். பிரிய வேண்டும் என்று ஊலாவின் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். பிரியக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் ஒன்று தன் பட்டியலோடு அதே படிகளில் ஏறியது. பக்கத்து மாவட்டம் ஏழை மாவட்டம், தண்ணீர்க் கட்டணம் கூடும் என்பது அவர்கள் வாதம். இரண்டு பட்டியலும் என் மேசைக்கு வந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கூத்து. எங்கள் ஆட்கள் முப்பத்தெட்டுப் பேரின் கையெழுத்து இருந்தது. அதில் இருபத்தேழு பேர் இரண்டிலும் போட்டிருந்தார்கள்! போகவும் வேண்டுமாம், இருக்கவும் வேண்டுமாம்.

நோர்வேஜியருக்கு இது விளங்கவே இல்லை. எனக்கு விளங்கியது. அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையை விடப்போன இடத்தில் ஸ்கூக்லிக்காரர் சிவாவைக் கண்டேன். பேருந்து ஓட்டுகிறவர், பகிடிக்காரன். "என்னப்பா, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பின்னை என்ன செய்யிறது? முதல் வந்தவர் நல்ல மனுசன், உருளைக்கிழங்கு ஒரு பை தந்தவர். அடுத்த நாள் வந்த மனுசியும் நல்ல மனுசி, மேல்மாடிதான். வாசல்லை நிண்டு கேக்கேக்கை இல்லை எண்டு சொல்லேலுமே? தேத்தண்ணியும் குடுத்துக் கையெழுத்தும் போட்டு அனுப்பினனாங்கள்."

"அதுக்காக ரெண்டிலயுமோ?"

"அண்ணை, உங்களுக்குத் தெரியாததே. ஊரிலை லிஸ்ற்றோடை வாசல்லை வந்து நிண்டவனுக்கு இல்லை எண்டு சொன்ன ஆள் ஆர் மிச்சம் இருக்கினம்? ஆமி வந்தாலும் பேர் குடுத்தம், மற்றவை வந்தாலும் பேர் குடுத்தம். கரைச்சல் இல்லாமல் இருந்தாக் காணும்."

எனக்கும் அது போதுமாயிருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகும்போது என் நடையே மாறியிருந்தது. மாடி முழுக்க யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் ஏன் கையெழுத்துப் போடுவார்கள் என்று வேறு யார் இவர்களுக்குச் சொல்லமுடியும்?

வியாழக்கிழமை மத்தியானம் தலைவி என்னை அழைத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் பரிந்துரையின் வரைவு வெளியே போகவேண்டும். மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். பண்ணை வீடுகள் அனைத்தும் பிரிவதற்கு ஆதரவு, அதில் கேள்வி இல்லை. குடியிருப்புகளில்தான் இழுபறி. கிட்டத்தட்டச் சரிபாதி. எங்கள் ஆட்களை எந்தப் பக்கம் போடுகிறோமோ அந்தப் பக்கம் தட்டுத் தாழும்.

நான் விளக்கினேன். விருந்தோம்பல், பயம், பழைய அனுபவம், வாசலில் வந்து நிற்பவருக்கு இல்லை என்று சொல்லாத பழக்கம். அவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. நான் அந்த மனுசியைக் குறை சொல்ல மாட்டேன்.

"இருபத்தேழு பேரைப் பற்றி விளங்குகிறது. மிச்சப் பதினொரு பேர் ஒரு பட்டியலில் மட்டும் போட்டிருக்கிறார்கள். பதினொரு பேருமே பிரிவதற்கு. அவர்கள் உண்மையாகவே அதை விரும்பியிருக்கலாம் அல்லவா? ஒருதடவை போய்க் கேட்க முடியுமா?"

நேரம் பன்னிரண்டரை. ஸ்கூக்லிக்குப் போய்வர, கதவு தட்ட, எல்லாம் சேர்த்தாலும் அன்று பின்னேரமே முடித்திருக்கலாம். பட்டியலில் தவமணி அக்காவின் பெயர் எனக்குத் தெரியும், நடுப்பகுதியில், நல்ல வடிவான தமிழ்க் கையெழுத்து. போனால் அந்தக் கதவைத் தட்டவேண்டும். தட்டினால் அவ சொல்லுவா. சொன்னால் நான் கோப்பை விட வேண்டும், அல்லது எங்கள் ஆட்களுக்குச் சாய்ந்துவிட்டேன் என்று மாடியில் கதை வரும்.

"அவர்களும் அதே மாதிரித்தான்," என்றேன். "மற்றவர் வந்தபோது வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்."

தலைவி சிரித்துவிட்டார். அபூர்வமாகச் சிரிக்கிற மனுசி. நானும் சிரித்தேன். பதினொரு பேரின் கதை அந்தச் சிரிப்போடு முடிந்தது.

அன்று பின்னேரம் வரைவில் நான் ஒரு வசனம் எழுதினேன். நோர்வேஜிய மொழியில் நான் எழுதிய வசனங்களிலேயே திருத்தமானது அதுதான். தலைவி ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கையொப்பங்கள், அவர்களது பண்பாட்டுப் பின்னணி காரணமாக, சொந்த விருப்பத்தின் வெளிப்பாடாகக் கொள்ளத்தக்கவை அல்ல." முப்பத்தெட்டுப் பேரையும் ஒரே கோட்டில் வெட்டினேன். அதன்படி குடியிருப்புகளில் போதிய ஆதரவு இல்லை என்று ஆயிற்று. பிரிக்க வேண்டாம் என்று பரிந்துரை போயிற்று. "உன்னைப் போல் உள்ளிருந்து தெரிந்த ஒருவர் நமக்கு வேண்டும்" என்று தலைவி எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் வெட்டும் கேக்கில் அன்று பெரிய துண்டு எனக்கு.

உங்களிலும் பலருக்கு இது நடக்கும். "நீ தமிழ்தானே, இவர்கள் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். கேட்டவுடன் நெஞ்சு நிமிரும், வாய் தானாகத் திறக்கும். தெரிந்ததாக நினைப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் சொன்னதில் பொய் இல்லை பாருங்கள், அதுதான் ஆபத்து. இருபத்தேழு பேருக்கு அது நூறு வீதம் சரி. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்த ஆட்களில் ஒருவரையும் போய்க் கேட்கத் தோன்றாது. ஒரு நோர்வேஜியன் அந்த மேசையில் இருந்திருந்தால், ஒன்றும் விளங்காத காரணத்தாலேயே போய்க் கதவைத் தட்டியிருப்பான்.

வரைவு எல்லாத் தரப்புக்கும் போனது. கருத்துச் சொல்ல மூன்று கிழமை கொடுப்பது வழக்கம். அந்த நாட்களில் ஒரு காலை வரவேற்பிலிருந்து அழைத்தார்கள், உன்னைப் பார்க்க ஒரு பெண் வந்திருக்கிறார் என்று. தவமணி அக்கா. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தா. ஸ்கூக்லி பாடசாலையில் அவ துப்புரவு வேலை செய்தா. அன்றுதான் எல்லாம் சொன்னா, நிறுத்தமுடியாமல்.

"இவர் இருக்கிறது ஸ்கூக்லி இல்லத்திலைதான் தம்பி. வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிசம். நான் வேலை முடிஞ்ச கையோடை போய்ச் சாப்பாடு தீத்திப்போட்டு வருவன், பின்னேரமும் போவன். வேறை ஆர் குடுத்தாலும் வாய் திறக்க மாட்டார். அங்கை நிக்கிற பிள்ளையள் நல்ல பிள்ளையள், சுவரிலை தமிழ்ச் சொல்லு எழுதி ஒட்டியிருக்கினம். தண்ணி எண்டு கேட்டா விளங்கும், குளிருது எண்டா விளங்கும். அதை மூடினா, மற்றப் பக்கம் அந்தத் தொங்கலிலை கொண்டுபோய் விடுவினமாம். ரெண்டு பஸ். போகவே ஒண்டரை மணித்தியாலம். நான் எப்பிடித் தம்பி ஒவ்வொரு நாளும் போறது?"

ஹம்மர்பெஸ்ட்டில் எனக்கு இரண்டு குளிர்காலம் சோறு போட்ட மனுசன்.

"நான் கையெழுத்துச் சும்மா போடேல்லைத் தம்பி," என்றா. "ஊலாவோடை நானும் படியேறினனான். பத்து வீட்டுக்காரருக்கு நான்தான் வடிவா விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கினனான். மற்ற மனுசி வந்தா போடாதேங்கோ எண்டும் சொன்னனான்." பத்துப் பேரும் அவவும், பதினொன்று.

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டா: "எங்கடை கையெழுத்து விருப்பமில்லாமல் போட்டது எண்டு எழுதியிருக்குதாம். அந்த வசனத்தை எழுதினது ஆர் தம்பி?"

வரவேற்பில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவுக்காரர் ஒருவர் கோப்பிக் கோப்பையோடு நின்று எனக்குத் தலையசைத்தார். அந்த மூன்று நான்கு வினாடியை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

"அது… அலுவலகம் எழுதிறது அக்கா. கனபேர் சேந்துதான் எழுதுவினம்."

"நீங்கள் எழுதேல்லை?"

"இல்லை அக்கா."

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"அப்ப சரி தம்பி. உங்கடை வேலையைக் குழப்பிப்போட்டன்" என்று எழுந்தா. கதவு வரைக்கும் போய் வழியனுப்பினேன். அவ போனதும் மேசைக்குத் திரும்பி வேறொரு கோப்பைத் திறந்தேன்.

முடிவு பரிந்துரைப்படியே வந்தது. ஸ்கூக்லி நகரத்தோடேயே இருந்தது. ஊலா பத்திரிகையில் கொஞ்சநாள் கத்தினார், பிறகு அவருக்கும் உருளைக்கிழங்கு நடுகிற காலம் வந்துவிட்டது. அடுத்த கோடையில் இல்லத்தை மூடினார்கள். நடேசண்ணையை மாவட்டத்தின் மறு கோடியில் ஒரு புதிய பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. பளபளவென்ற கட்டடம், ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆட்கள்தான் கிழமைக்குக் கிழமை மாறினார்கள். சுவரில் அக்கா புதிதாக எழுதி ஒட்டிய தமிழ்ச் சொற்களின் தாள் அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அண்ணை பாதியாகியிருந்தார். நான் கரண்டியை எடுத்துக் கஞ்சி தீத்தப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "தவமணி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை. அக்காவால் சனி ஞாயிறுதான் வர முடிந்தது.

அந்தக் குளிர்காலமே அவர் போய்விட்டார். வயதும் நோயும் இருந்தது, இல்லம் மாறாவிட்டாலும் போயிருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பசியோடு போயிருக்க மாட்டார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஸ்கூக்லி வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் படையல் வைத்திருந்தது. ஆட்கள் சாப்பிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் போகவில்லை. அக்கா குசினியில் தனியாக ஏதனங்களை ஒதுக்கிக்கொண்டு நின்றா. உள்ளே போய்க் கதவடியில் நின்று சொன்னேன்.

"அக்கா, அந்த வசனம் நான் எழுதினது."

அவ திரும்பவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றா.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும் தம்பி. கந்தோர் அனுப்பின கடிதத்துக்கு மேலை, கோப்புப் பாக்கிறவர் எண்டு உங்கடை பேர் கிடந்தது. ஊலா கொண்டுவந்து காட்டினவர். அதைக் கைப்பையுக்கை வைச்சுக்கொண்டுதான் வந்தனான்."

இந்த நாட்டில் எந்தக் கடிதத்திலும் எழுதியவரின் பெயர் மேலே இருக்கும். நானே நூற்றுக்கணக்கில் அப்படி அனுப்பியிருக்கிறேன். பொய் சொன்ன நேரத்தில் அது எனக்கு நினைவே வரவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் அக்கா கேட்டனீங்கள்?"

அப்போதுதான் திரும்பினா. அழவில்லை. கோபமும் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு நல்லது.

"உங்களோடை சண்டை பிடிக்க வரேல்லைத் தம்பி. கருத்துச் சொல்ல இன்னும் நாள் கிடக்கு, எழுதின ஆளே பிழை விட்டிட்டன் எண்டு ஒரு கடிதம் குடுத்தா அவங்கள் திரும்பப் பாக்கவேணும் எண்டு இங்கை படிச்ச என்ரை மகள் சொன்னவ. அதைக் கேக்கத்தான் வந்தனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தா கேட்டிருப்பன். இல்லை எண்டு சொன்ன ஆளிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது?"

அப்படி ஒரு கடிதம் கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து நாட்காட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். அக்கா வந்து என்னைக் கேட்ட அந்தக் காலையில், இன்னும் ஒன்பது நாள் இருந்தது.